இடுப்பளவு புளியமரம்

என் படிப்பை முடித்து வைத்தது ஒரு புளியமரம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒருவனை அடிப்பதென்று முடிவு செய்துவிட்டால் கம்பை அவர் தேடமாட்டார். அடி வாங்கப் போகிறவனே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்தில் ஏறி விளார் ஒடித்துக்கொண்டு வரவேண்டும். மற்ற பையன்கள் கைக்குக் கிடைத்ததை ஒடித்து வந்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது முடியாது. மெல்லிசாக ஒடித்தால் சுளீரென்று தோலை உரிக்கும். தடியாக ஒடித்தால் எலும்புக்கு இறங்கும். பச்சை விளார் வளைந்து முதுகையும் சேர்த்து விசாரிக்கும். காய்ந்தது முதல் அடியிலேயே முறிந்துபோகும், இன்னொன்று ஒடிக்க மறுபடியும் அனுப்புவார். இதையெல்லாம் யோசித்துக் கிளை கிளையாக மாறிக்கொண்டிருந்தபோது கடைசி மணி அடித்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் இறங்கிப் போனேன். மறுநாள் போனால் ரெண்டு நாள் அடியையும் சேர்த்து வாங்கவேண்டுமே என்று போகவில்லை. அதற்கு மறுநாள் மூன்று நாள் அடி. இப்படிக் கூடிக்கொண்டே போனதில் இன்றுவரை போகவில்லை.

அப்படிப்பட்டவன் தன் வீட்டு வளவுக்குள்ளேயே புளியங்கன்று வைத்தது ஏன் என்று கேட்கலாம். பிழைப்புதான். எங்களுக்குச் சோறு போடுவது புளிச்சோறு. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், ஐந்தருவி போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு என் மனைவி கிண்டுகிற புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டி விற்போம். அருவியில் குளித்து, பல் தந்தியடிக்க வருகிறவனுக்கு அந்த நேரத்தில் காரமும் புளிப்புமாக எதைக் கொடுத்தாலும் தேவாமிர்தம்தான். ஆனால் அவள் கைப்பக்குவம் அதுக்கும் மேல. வடகரையிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வருசா வருசம் குடும்பத்தோடு வந்து, அருவிக்குப் போகும் முன்னே எங்கள் கடைக்கு வந்துவிடுவார். கேட்டால், அருவி எங்க ஓடிறப் போகுது, சோறு தீர்ந்திரும்லா என்பார். சீசன் முடிந்தால் நான் தென்காசியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போய்விடுவேன். மொத்தத்தில் பொட்டலம்தான் என் ஜாதகம்.

வருசத்துப் புளியை மாசி, பங்குனியில் வாங்கி வைக்கவேண்டும். எனக்கு அந்த ரெண்டு மாசமும் தூக்கம் கிடையாது. போன வருசத்துப் பழம்புளியைப் புதுசு என்று தள்ளிவிடுவார்களோ, எடைக்கு மண்ணைச் சேர்த்திருப்பார்களோ, உப்பைத் தண்ணீராகத் தெளித்திருப்பார்களோ என்று ஒவ்வொரு கடையிலும் புளியை மோந்து மோந்து, கடைசியில் மூக்கே புளித்துப்போகும். அந்தச் சமயத்தில்தான் மரக்கன்று விற்கிற வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. ஒட்டுப் புளி, வெளிநாட்டு ரகம், நாலே வருசத்தில் காய்க்கும் என்றார் வண்டிக்காரர். நான் அவரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். வேர் சுவரைத் தள்ளுமா, உச்சியில் இடி விழுமா, பாம்பு அடையுமா, நிழலில் படுத்தால் மூட்டுவலி வருமா என்று எல்லாம் கேட்டேன். புளி புளிக்குமா என்று கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்?

வீட்டு மனை என் மாமனார் மகளுக்கு எழுதிக் கொடுத்தது. அதனால் அவர் மகன், அதாவது என் மச்சான், அதில் புல் முளைத்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று நினைப்பவர். தென்காசியில் கறிக்கடை வைத்திருக்கிறார். கன்றைப் பார்த்ததும் வளவுக்குள் புளி வைத்தால் பேய் குடிவரும் என்றார். அது எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டு மரம் ரொம்ப உயரம் போகாது என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். கால் தரையில் இழுபடுகிற மரத்தில் எந்தப் பேய் மரியாதையாகத் தொங்கும் என்று யோசித்து ஒருவழியாகத் தேறியிருந்தேன். அதை மச்சானிடம் விளக்கிச் சொன்னேன்.

அவர் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் உண்மையான சங்கதி வெளியே வந்தது. கறி வெட்டுகிற கட்டைக்குப் புளியமரம் போல வராது. வெட்டு வாங்கி வாங்கி மரம் இறுகும், செதில் பேராது. அவர் கடைக் கட்டை நடுவில் குழிவிழுந்து சட்டி மாதிரி ஆகியிருந்தது.

"சரி மாப்ள, வைங்க. காய்ச்சு உங்க கடைக்கு ஆச்சுன்னா நிக்கட்டும். ஆகலைன்னா உம்ம இடுப்பு மொத்தம் வந்ததும் எனக்குக் கட்டைக்கு."

என் மனைவியைச் சாட்சி வைத்து இதற்குத் தலையாட்டினேன். அப்போது மரம் என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது.

முழங்கைக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டி, சாணமும் செம்மண்ணும் போட்டு வைத்தேன். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிறதைக் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் கீழ்மரம் மேல்மரத்தைத் தின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் தினமும் காலையில் பல் விளக்குமுன் குனிந்து அதைத்தான் பார்ப்பேன். நான் வைத்த எதுவும் அதுவரை உருப்பட்டதில்லை. மீசை வைத்தேன், ஒரு பக்கம் மட்டும் வந்தது. கோழி வைத்தேன், அது பக்கத்து வீட்டில் போய் முட்டையிட்டது. இந்த மரம் மட்டும்தான் வைத்த இடத்தில் நின்று, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்தது. அதனால்தான் அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

நாலாம் வருசம் காய்க்கவில்லை. ஐந்தும் ஆறும் அப்படியே போனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மச்சான் வருவார், தங்கச்சியைப் பார்க்குமுன் மரத்தைப் பார்ப்பார். ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் பட்டையில் வைத்துக்கொண்டு நிற்பார். தெருவில் போகிறவர்கள் ஏதோ பக்தி என்று நினைப்பார்கள். மொத்தம் அளக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு என் இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார்.

இதற்கு நடுவே மரம் என்னை நன்றாக ஏமாற்றியது. சித்திரையில் கொழுந்து விடும். பறித்து மென்றால் நாக்கு கூசும். துவையல் அரைத்தால் அப்படிப் புளிக்கும். கொழுந்தே இப்படி என்றால் பழம் எப்படி இருக்கும் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். எட்டாம் வருசம் பூத்தது. மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடின பூவை நாலு பறித்து வாயில் போட்டேன், அதுவும் புளிப்பு. பிஞ்சைக் கடித்தேன், அதுவும். அத்தோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. வாழ்க்கையில் எனக்குச் சந்தேகம் தீர்ந்த ஒரே விசயம் அதுதான். அதுதான் தப்பாகவும் போனது.

தை கடைசியில் காய் பழுக்கத் தொடங்கியதும் குரங்குகள் வந்தன. குற்றாலத்துப் பக்கம் குரங்கு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயசான புளியமரம் ஒன்று காய்த்துக் குலுங்குது. அதில் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, வண்டியையும் லாரியையும் பார்த்து ரோட்டைத் தாண்டி என் மரத்துக்கு வருதுக. ஒன்றிரண்டு இல்லை, குடும்பம் குடும்பமாக, மடியில் குட்டியோடு. நான் இதைச் சொந்தப் பகை என்றே நினைத்தேன். போன சீசனில் கடைக்கு வந்த குரங்கு ஒன்றின் மேல் சுடுதண்ணி தெளித்தது நான்தான். அது போய் ஆள் சேர்த்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னையும் மரத்தையும் ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மிஞ்சினதைப் பங்குனியில் தொரட்டி போட்டு உலுக்கினோம். தார்ப்பாய் விரித்து வெயிலில் காயவைத்து, ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஓடு தட்டினோம். முதல் சுளையை வாயில் போட்டேன். நல்ல புளி என்றால் வலது கண் தானாக மூடும், இது என் உடம்பு வாகு. போட்டேன். கண் மூடவில்லை. இன்னொன்று போட்டேன். ரெண்டு கண்ணும் முழித்துக்கொண்டு நின்றன. பேரீச்சம்பழத்தைப் புளிய ஓட்டுக்குள் வைத்து அடைத்தமாதிரி இருந்தது. இனிப்புப் புளி என்று ஒன்று உண்டு, அதைப் பழமாகத் தின்பார்கள் என்று மளிகைக் கடையில் கேள்விப்பட்டிருக்கிறேன். அது என் வளவில் எட்டு வருசமாக நின்றிருக்கிறது.

மனைவியைப் பார்த்தேன். குனிந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வலது கண்ணைக் கையால் கசக்கி மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினேன்.

"ஆத்தாடி, என்னா புளிப்பு."

"அப்படியா," என்றாள். அடுத்த ஓட்டைத் தட்டினாள்.

அன்று ஆரம்பித்தது எனக்கு நரகம். கடைக்கு ஆகவில்லை என்றால் மரம் கட்டை. மச்சான் வேறு அந்தப் பொங்கலுக்கு அளந்துவிட்டு, இந்த வருசத்துக்குள்ள சரியா வந்திரும் மாப்ள என்று சொல்லிப் போயிருந்தார். சீசன் திறக்கிற அன்று நேரே கடைக்கு வருவதாகவும், சோறு நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவதாகவும், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் மரத்தைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. மரம் அறுக்கிற வாள் வைத்திருக்கிற ஆளுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

வழக்கம்போல உப்புப் போட்டுப் பிசைந்து பீங்கான் பரணியில் அடைத்து, மேலே துணி கட்டி அலமாரியில் ஏற்றினோம். நான் மூன்று மாசம் பரணியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன். இனிப்பைப் புளிப்பாக்க என்ன வழி என்று யோசித்து, மளிகைக் கடையில் கையை நக்கி நக்கிப் பார்த்தேன். எலுமிச்சை சூட்டில் கசக்கும். மாங்காய்ப்பொடி நாக்கில் மண் மாதிரி நிற்கும். கடைசியில் ஞாபகம் வந்தது செங்கோட்டை. அங்கன மலையாளக் கரைச் சாமான் எல்லாம் கிடைக்கும், குடம்புளியும் கிடைக்கும். கருகருவென்று, புகையில் வாட்டின செருப்புத் தோல் மாதிரி இருக்கும். புளிப்போ, ஒரு சுளை போட்டால் ஒரு குளம் புளிக்கும்.

கடைக்காரர் பாதி மலையாளம் பேசுகிறவர். கால் கிலோ கேட்டேன். எத்தனை பேருக்கு மீன்கறி, என்ன மீன் என்று கேட்டார். நான் கடை தொடங்கின நாளிலிருந்து சைவம்தான். மீன் என்றதும் நாக்கு குளறி, பெரிய மீன் என்றேன்.

"பெரிய மீனானாலும் ரெண்டு சொளை மதி, கேட்டோ. கூடிப்போயா தின்னான் பற்றில்லா."

ரெண்டு சுளையே போதும், கூடினால் தின்ன முடியாது என்கிறார். எனக்கு எப்போதும் கொஞ்சம் போட்டால் பற்றாதோ என்ற பயம். அதனால் எட்டு சுளை ஊறவைத்துக் கொதிக்கவைத்து, ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் அடைத்து, கக்கூஸ் மேல் பரணில் ஒளித்து வைத்தேன். நாள் நெருங்க நெருங்க நாலு சுளை கூடச் சேர்த்தேன்.

ஆனியில் சாரல் விழுந்தது. கடை திறக்கிற காலையில் மனைவி அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றி, நல்லெண்ணெயில் தாளித்து, புளிக்காய்ச்சலைக் கொதிக்கவிட்டாள். நான் தேங்காய்ச் சில்லு நறுக்குகிற சாக்கில் அடுப்படியிலேயே சுற்றிவந்தேன். அவள் கறிவேப்பிலை பறிக்க வெளியே போனதும், வேட்டி மடிப்பிலிருந்த பாட்டிலை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தேன். முழுவதும். ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை.

அவள் திரும்பி வந்து கிண்டினாள். சாதத்தைக் கொட்டிப் பிசைந்தாள். உப்புப் பார்க்க ஒரு பருக்கையை வாயில் வைத்தாள். அவ்வளவுதான், முகம் அப்படியே சுருங்கி, காதுவரைக்கும் நடுங்கி, அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு வாய் போட்டேன். வலது கண் மூடியது. இடது கண்ணும் மூடியது. அதுக்கப்புறம் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"என்னத்தப் போட்டீய?"

சொல்லிவிட்டேன். மரம் இனிப்பு, மூன்று மாசமாக மறைத்தேன், செங்கோட்டை, பெரிய மீன், பாட்டில், எல்லாம். அவள் திட்டவில்லை. தலையில் கைவைத்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"அது இனிப்புன்னு எனக்குத் தெரியாதா? குரங்கு ரோட்டைத் தாண்டி வரும்போதே தெரியும். அன்னிக்கு ஓடு தட்டும்போது உங்களுக்கு முந்தி நாந்தான் வாயில போட்டேன். வாசுதேவநல்லூர்ல சித்தி வீட்டுப் புளியை எடுத்துட்டு வந்து பரணியில மாத்தி வச்சிட்டேன். நம்ம புளி கட்டிலுக்கு அடியில டிரம்முல கெடக்கு."

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீய. என்னையும் தூங்க விட மாட்டீய. அதான் அண்ணனுக்கும் தெரியாம, உங்களுக்கும் தெரியாம முடிச்சிரலாம்னு பாத்தேன்."

ஆக நல்ல நாட்டுப்புளியில் காய்ச்சின நல்ல காய்ச்சலில், பன்னிரண்டு சுளைக் குடம்புளியை நான் ஊற்றியிருக்கிறேன். பொழுது விடிந்துவிட்டது. கடைக்குச் சாமான் ஏற்ற ஆட்டோ வாசலில் நிற்கிறது. வடகரைக்காரர் கிளம்பியிருப்பார். மச்சானும் கிளம்பியிருப்பார். மறுபடி சோறு வடித்துப் பிசைய நேரமும் இல்லை, வீட்டில் அரிசியும் போதாது. கீழே கொட்டிவிட்டு, மழை வந்துவிட்டது என்று சொல்லிக் கடையைச் சாத்திவிடுவோமா என்றேன். மழைக்குத்தான குற்றாலத்துக்கு ஆள் வருது என்றாள்.

கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் கட்டிலுக்கு அடியில் குனிந்து டிரம்மை இழுத்தாள். எங்கள் மரத்து இனிப்புப் புளியை ரெண்டு கையாலும் அள்ளி, சுடுதண்ணியில் போட்டு, கரைத்து, வடிகட்டி, எண்ணெயில் சுண்டக் காய்ச்சி, அந்தப் புளிப்புச் சோற்றில் ஊற்றிப் பிரட்டினாள். ருசி பார்த்தாள். இன்னும் ஒரு கை கரைத்தாள். மறுபடி பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரைக்கண் மூடி, பிறகு திறந்தது.

எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். முதலில் புளிப்பு வந்து கன்னத்தைக் கிள்ளியது. பின்னாடியே இனிப்பு வந்து தடவிக்கொடுத்தது. கடைசியில் எங்கிருந்தோ லேசாகப் புகைவாடை. நன்றாக இருந்ததா என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கள் புளிச்சோறு இல்லை.

"மீன் கொழம்பு வாடை அடிக்கு," என்றேன்.

"அப்ப கேரளான்னு எழுதுங்க," என்றாள்.

பலகையில் சாக்பீஸால் கேரளா புளிச்சோறு என்று எழுதினேன். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ரம்புட்டான், மங்குஸ்தான் என்று வாயில் நுழையாததை எல்லாம் வாங்கித் தின்கிறவர்கள்தானே என்று ஒரு தைரியம். வடகரைக்காரர் முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கி, என்ன அண்ணாச்சி, கை மாறிட்டா என்றார்.  அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொரு வாய் வைத்தார். போகும்போது ரெண்டு பொட்டலம் கூடுதலாகக் கட்டச் சொன்னார். மதியம் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அவர்கள் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எங்கள் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்றார்கள். நான் ஓடிப்போய்ப் பலகையைத் திருப்பி வைத்து, இது தமிழ்நாட்டுப் புளிச்சோறு என்றேன். அவர்களும் தின்றார்கள்.

மச்சான் மூன்று மணிக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து முதல் இலையைக் குனிந்தபடியே முடித்தார். ரெண்டாவதையும் முடித்தார். நான் தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மூன்றாவது இலையில்தான் தலையைத் தூக்கினார்.

"ஏ தங்கச்சி, இது எந்த ஊர்ப் புளி?"

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "எதெதோ கலந்திருக்கு அண்ணே. ஆனா நம்ம வளவுப் புளி இல்லாம இந்த ருசி வராது. கட்டைக்கு நீ வேற மரம் பாரு."

அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.  மச்சான் கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், மரம் நிக்கட்டும் என்று பெரிய மனசோடு சொன்னார். எட்டு வருசத்தில் முதல்முறையாக அவரை எனக்குப் பிடித்தது. அந்தப் பிடிப்பு சாயங்காலம் வரைதான் நின்றது. நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் வளவுக்குள் மரத்தைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் பட்டையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான்?"

"ஒன்னுமில்ல மாப்ள. பழக்கம்."

அந்தப் பழக்கம் என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஒரு வருசம் மரம் காய்க்காமல் போனால்? ஒரு வருசம் குரங்கு ஒன்றையும் மிச்சம் வைக்காவிட்டால்? அப்போது ஒப்பந்தம் திரும்ப உயிர் பெறும். அவரும் நியாயமானவர், இடுப்பளவு என்று சொன்னால் இடுப்பளவுதான், அதில் ஒரு விரல் குறைந்தால் கைவைக்கமாட்டார். அதனால் நான் மரத்துக்குச் சாணம் போடுவதை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் என் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து மரத்தைச் சுற்றி அளக்கிறேன். கயிறு சுற்றி வந்தபின் ரெண்டு விரல்தான் மிச்சமிருக்கிறது, மரம் என் இடுப்பளவை எட்ட அவ்வளவுதான் பாக்கி.

மரத்தைக் குறைக்க முடியாது. என்னைக் கூட்டலாம். எனவே சீசனில் தினமும் ரெண்டு இலை நானே சாப்பிடுகிறேன். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. போன வாரம் மூன்றாவது இலையைத் தானாகவே கொண்டுவந்து வைத்தாள்.